கித்தாவும் கற்பூரமும், அப்புறம் என்னோட இத்தாலி பேனாக்களும்

செல்லுலாய்ட் பேனாவோட மூடியைக் கழட்டி மூக்குகிட்ட கொண்டு போனீங்கன்னா கற்பூரம் மணக்கும். நெசமாவே சொல்றேன், பூஜை அறையில கற்பூர டப்பாவைத் திறந்ததும் வருமே, ஏத்துறதுக்கு முன்னாடி, அதே வாசம். நைட்ரோசெல்லுலோஸோட கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைஞ்சுதான் செல்லுலாய்டே செய்றாங்க, அந்தக் கற்பூரம் பொருளுக்குள்ளாரயே தங்கிடுது, மூடி போட்டு வெச்சா உள்ள இருக்குற கொஞ்சூண்டு காத்துல சேர்ந்துக்கிட்டே இருக்கும், திறந்த உடனே ஒரு மூச்சு வரும், அவ்ளோதான், காத்தோட போயிடும். திரும்ப மூடி வெச்சுட்டு மறுநாள் திறந்தா திரும்ப வரும். பல வருஷத்துப் பழைய பேனாவுல கூட இது வருது.

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கேன், தமிழ்ப்பள்ளியில சொல்லிக் குடுக்குறேன். சுத்தி எல்லாம் ஒரு காலத்துல கித்தா மரம், அதான் ரப்பர் மரம், இப்ப பெரும்பாலும் எண்ணெய் எடுக்குற செம்பனை, நடுவுல தாமான்னு சொல்ற குடியிருப்பு வீடுங்க. இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு இத்தாலிக்காரன் செஞ்ச மைப்பேனாவைத் தேடித் தேடி வாங்கி சேக்குறேன்னு சொன்னா நெறைய பேரு இதை பெரிய மனுஷங்க ஆடம்பரம்னுதான் நினைக்கிறாங்க, பாக்கெட்ல தங்கக் கிளிப்பு தெரியணும், கையெழுத்து போடுறப்ப எதிர்ல உக்காந்திருக்கவன் பாக்கணும், அந்த மாதிரி. எனக்கு அது இல்ல. எனக்கு இத்தாலி பேனான்னா அது எந்தப் பொருள்ல செஞ்சதுங்கிறதுதான் முதல்ல. ஜப்பான்காரன் நிப்பு அருமையா செய்வான், ஜெர்மன்காரன் பேனா பல வருஷம் உழைக்கும், ஆனா கையில எடுத்து எழுதாம சும்மா உருட்டிக்கிட்டே இருக்கலாம்னு தோண வெக்கிறது இத்தாலிக்காரன்தான். அவங்க பொருளைப் பாத்து பேனா செய்றாங்க. அதுல ரெண்டு பொருள், கற்பூரமும் ரப்பரும், நம்மாளுங்களுக்கு ரொம்ப நெருக்கமானது, அதைப் பத்தித்தான் எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

முதல்ல செல்லுலாய்ட். இத்தாலியில லொம்பார்டி பக்கம் காஸ்டிலியோனே ஒலோனான்னு ஒரு ஊரு, அங்க மட்சுக்கெல்லின்னு ஒரு கம்பெனி, 1849-ல ஆரம்பிச்சது, சீப்பு பட்டன்ல ஆரம்பிச்சு இன்னைக்கு மூக்குக் கண்ணாடி ஃபிரேமுக்கு அசிடேட் செய்றதுல உலகமே அவங்களைத் தெரியும். பேனாக்காரங்களுக்கு செல்லுலாய்ட் கம்பியும் அவங்ககிட்ட இருந்துதான் நெறைய போச்சு. செல்லுலாய்ட்ல இருக்குற கஷ்டம் என்னன்னா அவசரப்பட்டா வேலைக்கு ஆகாது, செஞ்ச உடனே கடைய முடியாது, உள்ள இருக்குற கரைப்பான் மெதுவா வெளிய போகணும், அதுவரைக்கும் மாசக்கணக்குல, சிலது வருஷக்கணக்குல கம்பியை சும்மா கிடக்க விடணும், இல்லன்னா கடைஞ்சப்புறம் சுருங்கும், மூடி மரை ஒண்ணோட ஒண்ணு சேராது. போதாததுக்கு இது சீக்கிரம் தீப்பிடிக்கும், பழைய சினிமா ஃபிலிம் இதே குடும்பம்தான், அதனால கடையுறப்ப சூடேறாம பாத்துக்கணும், பட்டறையில சேர்ற தூளைக் கூட அப்படியே விட முடியாது. இவ்ளோ தொல்லை இருக்குறதாலதான் உலகத்துல கிட்டத்தட்ட எல்லாரும் இதை விட்டுட்டு ஊத்தி வார்க்குற பிளாஸ்டிக்குக்குப் போயிட்டாங்க. இத்தாலிக்காரங்க ரொம்ப நாள் விடாம பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

அதுல பொலோன்யா ஊரு ஓமாஸ் பேனாதான் எனக்கு உச்சம். அர்மாந்தோ சிமோனின்னு ஒருத்தர் 1925-ல ஆரம்பிச்சது. அவங்களோட பேர் போன மாடல் உருண்டையா இருக்காது, பன்னெண்டு பட்டை. விரலுக்கு அந்தப் பட்டை தட்டுப்படும், ஆனா குத்தாது. அவங்க ஆர்கோன்னு ஒரு செல்லுலாய்ட் வெச்சிருந்தாங்க, வேற வேற நிறத்துல மெல்லிசு மெல்லிசான தகடுகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒட்டி அதுல இருந்து கம்பி எடுத்து கடைஞ்சது. என்கிட்ட இருக்குறது பழுப்பு ஆர்கோ. ஒரு பக்கம் பாத்தா நேர் கோடா ஓடும், கொஞ்சம் திருப்புனா அதே கோடுங்க வளைஞ்சு வில்லு மாதிரி நிக்கும், இன்னும் கொஞ்சம் திருப்புனா வெளிச்சம் கோட்டுக்குக் கோடு தாண்டித் தாண்டிப் போகும், ஒரு பட்டையில மினுங்குறது பக்கத்துப் பட்டையில இருட்டா இருக்கும். இதுல பெயிண்டே கிடையாது, எல்லாம் பொருளுக்குள்ளாரயே இருக்கு, அதனால தேய்ஞ்சாலும் கோடு போகாது. 2016-ல ஓமாஸை மூடிட்டாங்க. மிச்சம் இருந்த செல்லுலாய்ட் கம்பிங்களை வேற ஆளுங்க வாங்கி இன்னும் அதுல பேனா செஞ்சுக்கிட்டு இருக்காங்க, அதுவும் ஒரு நாள் தீரும்தானே. ஓமாஸ் மூடுன செய்தியைப் படிச்ச அன்னைக்கு எனக்கு மனசே சரியில்ல, ஏதோ சொந்தத்துல ஒருத்தர் போன மாதிரி இருந்துச்சு.

இடையில ஒரு விஷயம். கற்பூரத்துக்காக நம்மாளுங்க கடல் தாண்டிப் போனது ரொம்பப் பழைய கதை. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவுல பாரூஸ்ங்கிற துறைமுகம் கற்பூரத்துக்கே பேர் போனது, அங்க லோபு துவாங்கிற இடத்துல 1088-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வெட்டி வெச்சது. அந்த பாரூஸ் கற்பூரம் வேற மரம், ரசாயனமும் வேற, செல்லுலாய்ட்ல போடுறது சீனா, தைவான் பக்கத்துக் கற்பூர மரத்துல கிடைக்கிற வகை, பின்னாடி டர்பென்டைன்ல இருந்தும் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஆனா மூடியைத் திறந்து அந்த மூச்சு வர்றப்ப எனக்கு பொலோன்யாவும் ஞாபகம் வருது, அந்தக் கல்வெட்டும் ஞாபகம் வருது, மாரியம்மன் கோயில் தீபாராதனையும் ஞாபகம் வருது.

இப்ப கித்தாவுக்கு வரேன். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே ஆரம்பிச்சேன்.

எங்க ஊர்ல இருந்து கோலகங்சார் கார்ல அரை மணி நேரத்துல போயிடலாம். அங்க நில அலுவலகத்துக்கு முன்னாடி ஒரு கித்தா மரம் வேலி போட்டு நிக்குது பாத்திருப்பீங்க. 1876-ல பிரேசில்ல இருந்து ஹென்றி விக்கம் எடுத்துட்டுப் போன விதை, லண்டன் கியூ தோட்டத்துல முளைச்சு, 1877-ல நாத்தா சிங்கப்பூர் வந்து, அதுல கொஞ்சத்தை கோலகங்சார்ல பேராக்கோட பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ தன்னோட பங்களாத் தோட்டத்துல நட்டாரு. அந்த முதல் கூட்டத்துல மிஞ்சி நிக்குற மரம்தான் அது. அப்புறம் சிங்கப்பூர் பூங்காவுல இருந்த ரிட்லி மரத்தைக் கொல்லாம தினம் தினம் பட்டையைச் சீவி பால் எடுக்குற முறையைக் கண்டுபிடிச்சாரு, டயர் வந்துச்சு, காடெல்லாம் தோட்டமாச்சு, எங்க தாத்தா பாட்டியெல்லாம் கப்பல் ஏறி வந்தாங்க. இதெல்லாம் பள்ளியில படிச்ச கதைதான். ஆனா டயர் வர்றதுக்கு முன்னாடியே ரப்பரை வெச்சு பேனா செஞ்சுக்கிட்டு இருந்தாங்கங்கிறது எனக்குப் பேனா சேக்க ஆரம்பிச்சப்புறம்தான் தெரியும். ரப்பர்ல கந்தகத்தைக் கொஞ்சமா போட்டு வேக வெச்சா டயர் மாதிரி இழுபடும். அதே கந்தகத்தை அதிகமா போட்டு, மூணுல ஒரு பங்கு வரைக்கும் கூட, மணிக்கணக்குல வேக வெச்சா கல்லு மாதிரி இறுகிடும். அதுதான் எபோனைட். கடையலாம், மரை வெட்டலாம், மெருகு போட்டா கருங்காலி மாதிரி பளபளன்னு இருக்கும், மையில கிடந்தாலும் கெடாது. செல்லுலாய்ட் பேனா பரவலாக வர்றதுக்கு முன்னாடி மைப்பேனான்னாலே எபோனைட்தான்.

என்கிட்ட ஒரு பேரில்லாத இத்தாலி பேனா இருக்கு, 1920கள்ல செஞ்ச வகை, இத்தாலியில ரியென்ட்ரான்தேன்னு சொல்வாங்க, நிப்பு உள்ள போயிடும். மூடியைக் கழட்டுனா நிப்பே தெரியாது, வெறும் குழாய்தான். பின்னாடி இருக்குற குமிழைத் திருகுனா நிப்பு மெதுவா சுத்திக்கிட்டே மேல ஏறி வரும். எழுதி முடிச்சுட்டு திருப்பித் திருகுனா உள்ள இறங்கி மைக்குள்ளயே முங்கிடும், மூடி போட்டு இறுக்கிட்டா ஒரு சொட்டு வெளிய வராது. மை ஊத்துறது சொட்டுக் குழாய் வெச்சுதான், நிப்பை உள்ள இறக்கிட்டு வாய் வழியா ஊத்தணும். உடம்பு முழுக்க கருப்பு எபோனைட், மேல தங்க முலாம் தகடு சித்திர வேலையோட சுத்தியிருக்கு, அந்தக் காலத்து இத்தாலிப் பட்டறைங்க இந்தத் தகடு வேலைக்குப் பேர் போனவங்க, வெறும் பேனாவை எடுத்து நகை வேலைப்பாடு செஞ்சு விட்டுடுவாங்க. என்னோடதுல திராட்சைக் கொடி ஓடுது, இலை நரம்பு கூட பூதக்கண்ணாடியில பாத்தா கையால கீறுனது தெரியும்.

இதை எங்க அப்பாகிட்ட காட்டுனேன். அப்பா சின்ன வயசுல பால் வெட்டுனவரு, தாத்தா கூட காலையில இருட்டுல பிரட்டுக்குப் (பேரு கூப்பிட்டு வேலை குடுக்குற இடம்) போயி, பால் பிடிக்கிற மங்கு தொடச்சு, காஞ்சு ஒட்டியிருக்குற ஒட்டுப்பால் எடுத்து, எல்லாம் பண்ணவரு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"என்ன பாப்பா இது, கொம்பா?"

"இல்லப்பா, கித்தா. ரப்பர்தான்."

"ரப்பரா? இவ்ளோ கட்டியா எப்புடி?"

"கந்தகம் நெறைய போட்டு வேக வெச்சா இப்படி ஆயிடும்பா. கட்டை வெரலால நல்லா தேய்ச்சுட்டு மோந்து பாருங்க."

தேய்ச்சாரு. எபோனைட்டை சூடு பறக்கத் தேய்ச்சா கந்தக வாசம் லேசா வரும். மோந்து பாத்துட்டு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "இது நம்ம தோட்டத்துப் பால் ஸ்டோர் வாசம் இல்லம்மா. ஸ்டோர்ல பாலு புளிச்ச வாசமும் அமில வாசமும்தான் இருக்கும், புகை வீட்டுல வேற மாதிரி இருக்கும். இது டயர் கடை வாசம்." அப்புறம் பேனாவைத் திருகி நிப்பு ஏறி வர்றதைப் பாத்துட்டு சின்னப் புள்ளை மாதிரி திரும்பத் திரும்ப ஏத்தி இறக்கிக்கிட்டே இருந்தாரு. "எங்க காலத்துல பேனா வெச்சிருந்தவரு கணக்கு எழுதுற கிராணி ஒருத்தருதான், செக்ரோல்னு ஆளு கணக்குப் புத்தகத்துல பேரு எழுதறப்ப நாங்க எட்டி நின்னு பாப்போம், அந்தப் பேனாவும் நாங்க வெட்டுன பாலுதான்னு யாரு சொன்னா எங்களுக்கு"ன்னாரு. அப்பா அதை சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்குத்தான் தொண்டை அடைச்சுக்கிச்சு.

எந்தத் தோட்டத்துப் பாலு எந்தப் பேனாவுக்குள்ள போச்சுன்னு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது, உண்மைதான், ஆனா 1920கள்ல உலகத்து ரப்பர்ல ஏறக்குறைய பாதி மலாயாவுல இருந்து போனது. அதை வெட்டுனதுல பெரும் பங்கு தமிழ்க் கை. அதனால பழைய எபோனைட் பேனாவை அந்நியச் சாமான்னு என்னால நினைக்கவே முடியல. இன்னைக்கும் தமிழ்நாட்டுல திருவள்ளூர்ல ரங்கா பேனான்னு எபோனைட்டைக் கையால கடைஞ்சு செய்றாங்க, என்கிட்டயும் இருக்கு, ரொம்ப நல்ல பேனா, அதைப் பத்தி தனியா எழுதுறேன்.

உடம்பு பிளாஸ்டிக்கா மாறுனப்புறமும் எபோனைட் ஒரு இடத்துல நின்னுச்சு, நிப்புக்கு அடியில மையைக் கொண்டு வர்ற ஃபீடு. எபோனைட் மேல மை நல்லா ஒட்டும், படியும், பிளாஸ்டிக்ல உருண்டு ஓடுற மாதிரி ஓடாது, வெந்நீர்ல சூடு காட்டி நிப்போட அடிவயித்துக்கு சரியா பொருந்துற மாதிரி லேசா வளைக்கவும் செய்யலாம். இன்னும் எபோனைட் ஃபீடு போடுறவங்கள்ல முக்கியமானவங்க அரோரா. டூரின் நகரத்துல 1919-ல ஆரம்பிச்ச கம்பெனி, நிப்பை வெளிய வாங்காம தங்களோட ஃபேக்டரியிலயே செய்றாங்க. அவங்க 88 மாடலை 1947-ல வரைஞ்சது மார்செல்லோ நிட்சோலி, அதே ஆளுதான் ஒலிவெட்டி லெட்டெரா 22 டைப்ரைட்டரையும் வரைஞ்சவரு. அப்புறம் மார்கோ ட்சனூசோ வரைஞ்ச ஹாஸ்தில், 1970-ல வந்தது, நியூயார்க் மோமா மியூசியத்துல இருக்கு. ஹாஸ்தில் எனக்கு அவ்வளவா ஒட்டல, ரொம்ப ஒல்லி, முழுக்க உலோகம், நம்ம ஊரு வேர்வைக்கு வழுக்குது. அரோராவோட ஆப்டிமா மாடல்தான் என் பேனா.

அரோரா நிப்பை வழவழன்னு எதிர்பாக்காதீங்க. காகிதத்தை உரசிக்கிட்டே போகும், கீறாது, ஆனா கூர் சீவுன பென்சில்ல எழுதுறப்ப வருமே ஒரு சத்தம், அது வரும். நெறைய பேருக்கு இது பிடிக்காது. தமிழ் எழுதுறவங்களுக்கு இதுதான் சரின்னு நான் அடிச்சு சொல்வேன், ஏன்னா தமிழ் எழுத்துல எத்தனை சுழி பாருங்க, ண எழுதணும்னா சுழிச்சு சுழிச்சுப் போகணும், ஞ இருக்கு, ஒ இருக்கு, ஜ இருக்கு, வழுக்குற நிப்புல அந்த சுழி நினைச்ச இடத்துல நிக்காது, கை வேகத்துல ஓடிப் போயி ண-வும் ன-வும் ஒண்ணா தெரியும். லேசா உரசுற நிப்புல கை தானா நிதானிச்சு சுழிக்குது. அதே மாதிரி தடிச்ச நிப்பு எடுத்தா சுழிக்குள்ள மை நிறைஞ்சு அடைச்சுக்கும், சின்னதா எழுதுறவங்களுக்கு கூ, ஞா எல்லாம் வெறும் புள்ளியா ஆயிடும். அரோரா ஃபைன் நிப்புல சுழியோட நடுவுல வெள்ளை தெரியுது. பள்ளிக்கூட நோட்டுல சிவப்பு மை ஊத்தி திருத்துறதுக்கே நான் ஆப்டிமாவைத்தான் வெச்சிருக்கேன், கூட வேலை செய்ற டீச்சர்ங்க ஆச்சரியமா பாக்குறாங்க, இவ்ளோ விலை பேனாவுல நோட்டு திருத்துறியான்னு. புள்ளைங்க எழுதுனதை விட முக்கியமான காகிதம் எதுவும் என் மேசைக்கு வர்றதில்ல.

ஆப்டிமாவுல இன்னொரு வேலை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. பின்னாடி திருகுனா பிஸ்டன் மையை உறிஞ்சும், சாதாரண விஷயம். ஆனா உள்ள மறைவா இன்னொரு சின்ன சேமிப்பு வெச்சிருக்காங்க. எழுதிக்கிட்டே இருக்குறப்ப மை தீர்ந்து கோடு வெளுத்துச்சுன்னா பிஸ்டனை முழுசா கீழ இறக்குனா போதும், அந்த சேமிப்புல இருந்த மை வந்து இன்னும் கொஞ்சம் எழுத விடும். வகுப்பு நடுவுல மை புட்டியைத் தேடி ஓட வேணாம். யாரோ ஒரு இஞ்சினியர் டூரின்ல உக்காந்துக்கிட்டு, பாதி வாக்கியத்துல மை தீர்ந்து போனவங்க முகத்தை நினைச்சுப் பாத்து இதை செஞ்சிருக்காரு பாருங்க.

ஃபுளோரன்ஸ் ஊரு விஸ்கோந்தி அரோராவுக்கு நேர் எதிர். 1988-ல ஆரம்பிச்சதுதான், பழைய பேனா சேக்குற ரெண்டு பேரு ஆரம்பிச்சது, தாந்தே டெல் வெக்கியோ, லூயிஜி போலி. சேக்குறவங்களே செய்ய ஆரம்பிச்சா என்ன ஆகும்னு பாக்கணும்னா விஸ்கோந்தியைப் பாருங்க. அவங்க ஹோமோ சாபியன்ஸ் பேனாவுக்கு சிசிலித் தீவுல இருக்குற எட்னா எரிமலைக் குழம்புக் கல்லைத் தூளாக்கி ரெசின்ல கலந்திருக்காங்க. மினுக்கம் கிடையாது, கருப்பா, சொரசொரப்பா, கனமா இருக்கும், ஓரத்துல வெண்கலம். நம்ம ஊருல மத்தியானம் ஃபேன் சுத்துனாலும் விரல் ஈரமாத்தான் இருக்கும், மெருகு போட்ட பேனாங்க எல்லாம் வழுக்கும், இது மட்டும் வழுக்காது, ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்குது. வெண்கலம் நம்ம ஈரக் காத்துல சீக்கிரம் கருக்கும், வெளிநாட்டுல பல பேரு அதை பாலிஷ் பண்றாங்க, நான் தொடவே மாட்டேன், கோயில் மணி மாதிரி நிறம் ஏறிக்கிட்டு வருது, அது அழகு. மை ஏத்துறது பின்னாடி தடியை இழுத்து, நிப்பை மைக்குள்ள முக்கி, ஒரே அழுத்தா அழுத்தணும், உள்ள காத்து இல்லாம ஆகி, கடைசி முனையில அடைப்பு விடுபட்ட உடனே மை சர்ருன்னு ஏறும். கையிலயே அந்த இழுப்பு தெரியும். எழுத்து ரொம்ப ஈரமா, தடிமனா வரும், அதனால நோட்டு திருத்த சரிவராது, கடிதம் எழுத, நற்சான்றிதழ்ல பேரு எழுத, கல்யாணப் பத்திரிகையில முகவரி எழுத இதை விட்டா வேற பேனா இல்ல.

மொன்டெகிராப்பா பத்தி கேப்பீங்க. 1912, பஸ்ஸானோ தெல் கிராப்பா ஊரு, இத்தாலியில ரொம்பப் பழைய பேரு. வெள்ளி வேலை பிரமாதம், ஆனா பாம்பு, டிராகன்னு மேல மேல சித்திரம் ஏத்துற மாடலெல்லாம் பாக்கத்தான் நல்லா இருக்கு, எழுதத் தோண மாட்டேங்குது. அவங்க எளிமையா செஞ்ச செல்லுலாய்ட் பேனாங்க கிடைச்சா விடாதீங்க.

தெற்கே நேப்பிள்ஸ் பக்கத்துல பரேத்தேங்கிற ஊர்ல டெல்டான்னு ஒரு கம்பெனி 1982-ல ஆரம்பிச்சு, டோல்செவீட்டான்னு ஆரஞ்சு நிறத்துல ஒரு பேனா செஞ்சு உலகம் முழுக்கப் பேர் வாங்குனாங்க, சாயங்கால வெயில் நிறம், ரெண்டு முனையும் கருப்பு. 2018 வாக்குல அதுவும் மூடிப் போச்சு, அந்தப் பேரைப் பின்னாடி எடுத்து திரும்ப நடத்துறாங்க. ஆனா டெல்டாவை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரோட பிள்ளைங்க அதே 2018-ல லியோனார்டோன்னு புதுசா ஒண்ணு தொடங்குனாங்க பாருங்க, அதுதான் எனக்கு இப்ப பெரிய சந்தோஷம். மொமென்தோ ஸேரோன்னு அவங்க பேனா, ரெசின் கம்பியில இருந்து கடைஞ்சது, ரெண்டு முனையும் குவிஞ்சு வரும், உடம்புல வரிசை எண் பொறிச்சிருக்கும், பின் முனையைத் திருகிக் கழட்டுனா பேனாவைப் பிரிக்காமலேயே மை ஏத்திக்கலாம். நிப்பு ஜெர்மன் நிப்புதான், அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

என்னோட லியோனார்டோவுல ஸ்டப் நிப்பு போட்டிருக்கேன், முனை உருண்டையா இல்லாம உளி மாதிரி தட்டையா இருக்கும். இந்த மாதிரி சரிச்சு, கோடு தடிச்சு மெலிஞ்சு எழுதுற கலை இத்தாலியிலதான் வளந்தது, வெனிஸ்ல ஆல்டஸ் மனூஷியஸ்ங்கிற அச்சகக்காரர் 1501-ல அந்தக் கையெழுத்தைப் பாத்து சாய்ஞ்ச அச்செழுத்தே வார்த்தாரு. ரோமன் எழுத்துக்கு வந்த நிப்பு தமிழுக்கு எப்படி இருக்கும்னு எழுதிப் பாத்தா அசந்துட்டேன். ஸ்டப்புல மேல இருந்து கீழ இழுக்குற கோடு தடிமன், படுக்கைக் கோடு மெலிசு. ட எழுதுங்க, நிக்குற கோடு தூண் மாதிரி தடிச்சு வந்து, கீழ வளைஞ்ச உடனே இழை மாதிரி ஓடும். ப எழுதுனா ரெண்டு பக்கம் தடிச்ச சுவரு, நடுவுல மெல்லிசான தரை. ழ எழுதுறப்ப கீழ இறங்கிச் சுழிக்கிற வாலு தடிச்சு மெலிஞ்சு திரும்பத் தடிக்கும், அந்த ஒரு எழுத்துக்காகவே நான் 'தமிழ்'னு பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். கொஞ்சம் பெருசா எழுதணும், ரெண்டு கோடு நோட்டு அகலம் இருந்தா நல்லது.

விலையைப் பத்தியும் சொல்லிடணும், மறைக்கிற விஷயம் இல்ல. லியோனார்டோவுல ஆரம்பிச்சா மலேசிய வெள்ளிக் (ரிங்கிட்) கணக்குல சில நூறு தாண்டி ஆயிரம் பக்கம் போகும், தங்க நிப்பு அரோரா, விஸ்கோந்தி எல்லாம் அதுக்கும் பல மடங்கு மேல. வாத்தியார் சம்பளத்துல இது நினைச்ச உடனே நடக்காது, நான் மாசாமாசம் தனியா எடுத்து வெச்சு, ஒண்ணு வாங்கி, நல்லா எழுதிப் பழகி, அப்புறம்தான் அடுத்ததைப் பாப்பேன். பழைய பேனா கைமாத்தி வாங்குறதுல விலை குறையும், ஆனா விக்கிறவங்ககிட்ட நிப்பு முனையை கிட்டத்துல எடுத்த படம் கேளுங்க, மூடி விளிம்புல கீறல் விரிசல் இருக்கான்னு கேளுங்க, செல்லுலாய்ட்னா நிறம் மங்கி, துருவுன மாதிரி பொரிஞ்சிருக்கான்னு கேளுங்க, அப்படி ஆக ஆரம்பிச்ச செல்லுலாய்ட்டைக் காப்பாத்த முடியாது. பெட்டியோட பூட்டி வெச்சு விலை ஏறுனா விக்கலாம்னு வாங்குறவங்க இருக்காங்க, அவங்க இஷ்டம், எனக்கு அது மனசுக்கு ஒப்பல. எழுதாத பேனாவுல மை காஞ்சு போறதை விட எழுதுறவங்க கைக்குப் போகாம இருக்குறதுதான் எனக்கு வலிக்குது.

நம்ம ஊரு வெக்கைக்கு சில விஷயம் கண்டிப்பா பாக்கணும். மத்தியானத்துல காருக்குள்ள பேனாவை விட்டுட்டுப் போகாதீங்க, உள்ள இருக்குற காத்து விரிஞ்சு மையை வெளிய தள்ளிடும், செல்லுலாய்ட்னா சூட்டுல வளைஞ்சே போகும். செல்லுலாய்ட்டை காத்து போகாத டப்பாவுல அடைக்கக் கூடாது, அது வெளிய விடுற ஆவி உள்ளயே தேங்கி அதையும் கெடுக்கும் பக்கத்துல இருக்குறதையும் கெடுக்கும், துணிப் பை, மரப் பெட்டி நல்லது. எபோனைட்டை வெயில்ல வெச்சா கருப்பு போயி பாசி பிடிச்ச பழுப்பா மாறிடும், தண்ணியில ஊற வெச்சாலும் அப்படித்தான், அதனால உள்பக்கம் மட்டும் கழுவி வெளிய தொடச்சுடுங்க. கழுவுறதுக்கு பச்சைத் தண்ணி போதும், ஸ்பிரிட்டு, ஆல்கஹால் கிட்டயே கொண்டு போகாதீங்க, செல்லுலாய்ட் கரையும். மை எதுன்னு கேட்டா அரோரா கருப்பு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், அடர்த்தியும் ஓட்டமும் ஒண்ணா இருக்கு. மழை நாள்ல காத்துல ஈரம் அதிகம், எழுதுனது காய நேரமாகும், மை உறிஞ்சுற தாளு ஒண்ணு நோட்டுக்குள்ள வெச்சுக்கங்க.

முதல் இத்தாலி பேனா வாங்கணும்னு இருக்குறவங்க லியோனார்டோவுல ஆரம்பிங்க, ஃபைன் நிப்பு கேளுங்க, பெருசா எழுதுறவங்களா இருந்தா ஸ்டப். கைக்குப் பிடிச்சுப் போச்சுன்னா அடுத்தது ஆப்டிமா. ஓமாஸ் பழசு எங்கயாவது நியாயமான விலைக்கு வந்தா, அதுவும் ஆர்கோவுல வந்தா, பச்சை ஆர்கோ ஒண்ணு நானே தேடிக்கிட்டு இருக்கேன், கண்ணுல பட்டா தயவு செஞ்சு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க.